கண் அழுத்தத்துக்கான டிராப் அறுவைக்குப் பின் சிக்கல் வந்தால்: காத்திருப்பதா, ஊசியா, டியூப்பா?

அப்பாவின் வலது கண்ணில் அறுவைக்கு முன்னால் அழுத்தம் 34. மூன்று விதமான சொட்டு மருந்து போட்டும் அந்த அளவு. அறுவை முடிந்து நான்காம் நாள் பார்த்தபோது 4. சீட்டில் அந்த எண்ணைப் பார்த்ததும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். குறைய வேண்டும், குறைய வேண்டும் என்று ஒரு வருஷமாக வேண்டியது குறைந்துவிட்டதே. ஆனால் டாக்டர், கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்பிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. “ஐயா, கொஞ்சம் அசையாம இருங்க” என்று இரண்டு முறை சொன்னார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பி, “அழுத்தம் ரொம்பக் கீழே போயிடுச்சும்மா, இதுவும் பிரச்சினைதான்” என்றார்.

குளுக்கோமாவில் (பார்வை நரம்பைக் கெடுக்கும் கண் அழுத்த நோய்) அழுத்தம் ஏறுவதுதான் ஆபத்து என்று மட்டுமே எங்களுக்குத் தெரிந்திருந்தது. அளவுக்கு மீறி இறங்குவதும் கண்ணைக் கெடுக்கும் என்று வீட்டுக்கு அனுப்பும்போது யாரும் சொல்லவில்லை. தலைக்குக் குளிக்கக் கூடாது, குனியக் கூடாது என்பதோடு அறிவுரை முடிந்திருந்தது. அடுத்த மூன்று மாதத்தில் இரண்டு முறை “இப்படிச் செய்யலாம், அப்படியும் செய்யலாம், நீங்க என்ன சொல்றீங்க” என்ற கேள்வி எங்கள் முன்னால் வந்தது. அப்போது கேட்டும் படித்தும் புரிந்துகொண்டதை, இதே கேள்வியோடு நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். உங்கள் கண்ணைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்தான். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

அப்பாவுக்குச் செய்தது டிராபெக்குலெக்டமி. மருத்துவமனையில் எல்லோரும் சுருக்கமாக டிராப் என்றே சொல்கிறார்கள். 1968-இல் கெய்ர்ன்ஸ் என்ற மருத்துவர் விவரித்த முறை, இன்றும் பரவலாகச் செய்யப்படுகிறது. மேல் இமைக்கு அடியில், வெண்விழியில் ஒரு சின்ன மூடியைச் செதுக்கி, அதற்குக் கீழே துளை போட்டு, மூடியை லேசாகத் தைத்துவிடுவார்கள். கண்ணுக்குள் சுரக்கும் நீர் அந்த மூடியின் ஓரமாகக் கசிந்து, மேலே இருக்கும் மெல்லிய தோலுக்கு அடியில் ஒரு கொப்புளமாகச் சேர்ந்து, அங்கிருந்து உடம்பில் கலந்துவிடும். அந்தக் கொப்புளத்துக்குப் பெயர் பிளெப்.

கம்பம் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் அப்பாவுக்கு டாக்டர் வரைந்து காட்டியதும் விளங்கிவிட்டது. “மடை வச்சிருக்கீக” என்றார். அதற்கு மேல் சரியாக யாரும் சொல்ல முடியாது. இந்த அறுவைக்குப் பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இரண்டே வகை. மடை தேவைக்கு மேல் திறந்துகொள்கிறது, இல்லையென்றால் அடைத்துக்கொள்கிறது. உடம்புக்கு அது மடை என்று தெரியாது. புண் என்று நினைத்து ஆற்றப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் அறுவையின்போதே மைட்டோமைசின் என்ற மருந்தை வைக்கிறார்கள். ஆறவிட்டால் அடைத்துவிடும், ஆறவே விடாவிட்டால் ஒழுகும். இரண்டுக்கும் நடுவே கண்ணை நிறுத்துவதுதான் மற்ற எல்லா வைத்தியமும்.

அழுத்தம் அதலபாதாளத்தில் இருக்கும்போது

சாதாரணமாகக் கண்ணின் அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம். 5, 6-க்குக் கீழே போனால் குறைவழுத்தம் என்கிறார்கள். அப்படி இறங்கியதும் டாக்டர் முதலில் பார்ப்பது எங்காவது ஒழுகுகிறதா என்பதை.

அந்தப் பரிசோதனையைப் பக்கத்துத் திரையில் நானும் பார்த்தேன். ஆரஞ்சு நிறச் சாயம் ஏறிய ஒரு காகிதப் பட்டையை நனைத்து, அப்பாவின் பிளெப் மேல் மெதுவாக ஒற்றினார்கள். விளக்கை நீல வெளிச்சத்துக்கு மாற்றியதும் கண்ணின் மேல்பகுதி முழுக்க மங்கலான ஆரஞ்சாகத் தெரிந்தது. ஒன்றிரண்டு நொடியில் தையல் ஓரத்திலிருந்து ஒரு பச்சைக் கோடு கிளம்பி, கன்னத்தில் கண்ணீர் இறங்குவதுபோல் நெளிந்து கீழே வந்தது. கண்ணுக்குள்ளிருக்கும் நீர் சாயத்தைக் கரைத்துக்கொண்டு ஓடும்போது அப்படித் தெரியுமாம். தலைமுடி கனம்தான் இருக்கும். அழுத்தம் 34-லிருந்து 4-க்கு வந்தது அந்த வழியாகத்தான்.

எங்களுக்குச் சொன்ன வழிகள் இரண்டு. பெரிய அளவு கான்டாக்ட் லென்ஸ் ஒன்றைக் கட்டுபோல் கண்ணில் பொருத்திவிட்டு ஒரு வாரம் பார்ப்பது, இல்லையென்றால் மறுநாளே தியேட்டருக்குக் கொண்டுபோய்த் தைப்பது. என் தம்பி உடனே தைத்துவிடலாம் என்றான். ஓட்டை இருக்கிறது என்றால் அடைக்க வேண்டியதுதானே என்பது அவன் கணக்கு. எனக்கும் முதலில் அதுதான் சரியாகப் பட்டது.

டாக்டர் சொன்ன பதில் என் எண்ணத்தை மாற்றியது. கண்ணின் முன்னறை, அதாவது கருவிழிக்கும் கண்ணுக்குள் இயற்கையாகவே இருக்கும் லென்ஸுக்கும் நடுவில் இருக்கும் இடம், இன்னும் ஆழமாகவே இருக்கிறது. உள்ளே கோராய்டு என்ற படலம் லேசாக வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த நிலையில் கசிவு பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். இப்போது கத்தி வைத்தால், வைத்த இடத்திலெல்லாம் புதிதாகத் தழும்பு கிளம்பும்; தையலும் கொஞ்சம் இறுக்கமாகிவிட்டால் அடுத்த மாதம் இதே கண் 30-இல் வந்து நிற்கும்.

ஆக, இந்தக் கட்டத்தில் ஒப்பிட வேண்டியது அழுத்த எண்ணை அல்ல. 4 என்ற அதே எண்ணோடு பக்கத்துப் படுக்கையில் இருந்த ஒரு அம்மாவை அன்று மாலையே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். அவருக்கு முன்னறை முழுக்கத் தட்டையாகி, லென்ஸ் போய்க் கருவிழியைத் தொட்டுக்கொண்டிருந்ததாம். அப்படித் தொட்டால் கருவிழியின் உள்பக்கச் செல்கள் அழியும், அவை திரும்ப முளைக்காது. லென்ஸும் சீக்கிரம் புரையாகும். அந்த நிலையில் காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. கோராய்டு வீக்கம் இரண்டு பக்கமும் பெருத்து நடுவில் ஒன்றையொன்று முட்டும் நிலைக்கு வந்தாலும் அப்படியே. உள்ளே தேங்கிய திரவத்தை வடித்தாக வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வழி இருக்கிறது. முன்னறைக்குள் கெட்டியான ஜெல்லை ஊசியால் நிரப்பிவிடுவது. சில நிமிட வேலை. அறை தட்டையாகாமல் சில நாள் தாங்கும், அதற்குள் கசிவு குறைந்துவிடலாம். மறுபடி நிரப்ப வேண்டியும் வரலாம். ஜெல்லாலேயே அழுத்தம் திடீரென்று ஏறிவிடுவதும் உண்டு, அதனால் அடுத்த நாள் கட்டாயம் பார்க்க வேண்டும். தையலுக்கு அஞ்சுகிறவர்களுக்கும், அறை மெல்ல மெல்லத் தட்டையாகிக்கொண்டே வருகிறவர்களுக்கும் இது நல்ல நடுவழி என்று நான் நினைக்கிறேன்.

வயது குறைந்தவர்கள், அதிலும் பெரிய மைனஸ் கண்ணாடி போடுபவர்கள், அதிக நாள் காத்திருக்கக் கூடாது. அழுத்தம் இல்லாமல் கண் சுவரே தளர்ந்து, விழித்திரையின் நடுப்பகுதியில் துணி கசங்கியதுபோல் மடிப்பு விழும். அதுவே மாதக்கணக்கில் நீடித்தால், பின்னால் அழுத்தத்தைச் சரி செய்தாலும் பார்வை பழையபடி தெளியாமல் போகலாம். அப்பாவுக்கு 63 வயது, மைனஸ் பவரும் இல்லை. அதனால் ஒரு வாரம் பொறுக்கலாம் என்றார்கள்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று அர்த்தமில்லை. ஸ்டீராய்டு சொட்டை எத்தனை முறை போட வேண்டும் என்பதை மாற்றினார்கள். கண் பாப்பாவை விரிக்கும் அட்ரோபின் சொட்டு தொடர்ந்தது. அது போட்டால் பார்வை மங்குகிறது என்று வீட்டில் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து நிறுத்தாதீர்கள். முன்னறை தட்டையாகாமல் பிடித்து வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. முக்கவே கூடாது என்பதால் மலச்சிக்கலுக்கும் இருமலுக்கும் தனியாக மருந்து கொடுத்தார்கள். அழுத்தம் கீழே இருக்கும் நாட்களில் ஒரு முக்கலில் உள்ளே ரத்தக்குழாய் உடைந்துவிடக்கூடும். திடீரென்று தாங்க முடியாத வலி வந்து, பார்வையும் போனால் அதுவாக இருக்கலாம். விடியட்டும் என்று இருக்காமல் ராத்திரியே கிளம்ப வேண்டும்.

கான்டாக்ட் லென்ஸ் போட்ட ஒன்பதாம் நாள் கசிவு நின்றிருந்தது. அழுத்தம் 9.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்னறை தட்டையாக இருந்து, அழுத்தம் குறையாமல் ஏறியிருந்தால் கதையே வேறு. கண்ணுக்குள் சுரக்கும் நீர் முன்பக்கம் வராமல் பின்பக்கமாகத் திரும்பி, எல்லாவற்றையும் முன்னால் தள்ளுகிறது என்று அர்த்தம். அட்ரோபினும் அழுத்தம் குறைக்கும் மருந்துகளும் கொடுத்துப் பார்ப்பார்கள், கேட்காவிட்டால் லேசர், அதற்கும் கேட்காவிட்டால் கண்ணுக்குள்ளிருக்கும் கூழை எடுக்கும் அறுவை. அங்கே நாம் எதையும் தேர்ந்தெடுக்க நேரமில்லை.

ஏழாம் வாரம்: மடை அடைக்கிறது

அடுத்த சிக்கல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. ஏழாம் வாரம் அழுத்தம் 26. பிளெப் தட்டையாகவில்லை. குமிழ்போல் நன்றாக எழும்பி, மேலே ரத்தக்குழாய் ஓடி, தொட்டால் கல்லாக இருக்கும்போல் இறுகியிருந்தது. நீர் உள்ளே சேர்கிறது, ஆனால் சுற்றிலும் ஒரு கெட்டி உறை வளர்ந்துவிட்டதால் வெளியே போக முடியவில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் இப்படி வருவது வழக்கம் என்றார்கள்.

முதல் சில வாரங்களிலேயே அழுத்தம் ஏறியிருந்தால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. மூடியில் போட்ட தையலில் ஒன்றை உருவிவிடுவார்கள் அல்லது லேசரால் வெட்டுவார்கள், உட்கார்ந்த இடத்திலேயே முடிந்துவிடும். இமைமேல் விரலால் அழுத்தி மசாஜ் செய்யவும் சொல்லித் தருவார்கள். (சொல்லித் தராமல் செய்யாதீர்கள்.) அந்தச் சலுகைக்காலம் அப்பாவுக்குத் தாண்டியிருந்தது. ஸ்டீராய்டு சொட்டே சிலருக்கு அழுத்தத்தை ஏற்றும். அப்பாவுக்கு அதுவா என்று கேட்டதற்கு, பிளெப்பின் தோற்றத்தைப் பார்த்தாலே காரணம் தெரிகிறது என்றார் டாக்டர். நீங்களும் கேளுங்கள். பிளெப் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே அழுத்தம் ஏறினால் அந்தச் சந்தேகம் நியாயமானது.

அப்பாவின் கண்ணுக்கு ஐந்து வழிகள் பேச்சில் வந்தன.

முதலாவது, பழையபடி சொட்டு மருந்து. இப்படி உறை கட்டிய பிளெப் சில மாதங்களில் தானே இளகுவதும் உண்டு, அதுவரை சொட்டு மருந்தால் அழுத்தத்தைப் பிடித்து வைக்கலாம். கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. பார்வை நரம்பு இன்னும் திடமாக இருப்பவர்களுக்கு இதுதான் முதல் வழியாக இருக்க வேண்டும் என்பேன். ஆனால் பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்ட் டெஸ்டில் அப்பாவுக்கு நடுவில் ஒரு சின்ன வட்டம்தான் மிச்சம். சில மாதம் 20-க்கு மேலேயே வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்பது அவர் நரம்பால் தாங்க முடியாத ஆடம்பரம். அப்புறம், அவருக்கு வீசிங் உண்டு, டிமோலால் என்ற சொட்டு மருந்து போட முடியாது. அந்த மருந்தே கூடாது என்பதை ஒவ்வொரு முறை சீட்டு எழுதும்போதும் நாங்கள்தான் நினைவூட்டினோம். ஆஸ்துமா இருப்பவர்களும் நாடித்துடிப்பு குறைவாக இருப்பவர்களும் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது நீடிலிங். இதுபற்றிப் பேர் கேட்டே பலர் பயந்துவிடுகிறார்கள், அதனால் பார்த்ததைச் சொல்கிறேன். அப்பாவை ஸ்லிட் லேம்ப் முன்னால்தான் உட்கார வைத்தார்கள். மரத்துப்போகும் சொட்டு, கண்ணைச் சுத்தம் செய்யும் மருந்து, இமையைப் பிடிக்க ஒரு கிளிப். இன்சுலின் ஊசிபோல் மெல்லிய ஊசியைப் பிளெப்புக்குக் கொஞ்சம் தள்ளியே தோலுக்கடியில் நுழைத்து, முன்னும் பின்னுமாக அசைத்து உறையைக் கிழித்தார் டாக்டர். அப்பா பாதத்தை மட்டும் தரையில் அழுத்திக்கொண்டிருந்தார். ஒரு கணத்தில் அந்த இறுகிய குமிழ் தளர்ந்து, சுற்றிலும் பரவி, மேட்டு நிலத்தில் தண்ணீர் பாய்ந்த மாதிரி ஆனது. கொஞ்சம் ரத்தம் கசிந்தது. ஆறிவிடாமல் இருக்கத் தழும்பைத் தடுக்கும் மருந்தை அதே இடத்தில் போட்டார்கள். மொத்தம் பதினைந்து நிமிடம் இருக்கும். அப்பா எழுந்து, “முள்ளு எடுத்த மாதிரிதான் இருந்துச்சு தாயி” என்றார்.

இதன் பலம், சின்ன வேலை, திரும்பவும் செய்யலாம், தோற்றாலும் அடுத்த வழிகள் எதுவும் மூடிப்போகாது. பலவீனம், ஒரே தடவையில் முடிவது அரிது. மறுபடி மறுபடி உறை கட்டும். அந்தத் தழும்புத் தடுப்பு மருந்திலும் இரண்டு வகை: ஃப்ளூரோயுராசில் என்றால் கருவிழியின் மேல்தோல் உரிந்து சில நாள் கரிக்கும், மைட்டோமைசின் இன்னும் வலுவானது, தோல் மெலிந்து பின்னால் ஒழுகும் பயம் கூடுதல். ஊசி போட்டதும் அழுத்தம் நன்றாக இறங்கினால் நம்பிக்கை வைக்கலாம். அப்போதும் இறங்காமல் அடம்பிடித்தால் நீண்ட நாள் நிற்காது. பிளெப் முழுக்கத் தட்டையாகி, தோலும் வெண்விழியும் ஒட்டிப்போயிருந்தால் ஊசிக்கு வேலை குறைவு.

மூன்றாவது, இன்னொரு இடத்தில் மறுபடி டிராப். நான்காவது டியூப். இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனென்றால் இவற்றை நேருக்கு நேர் வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. முன்பே கண்புரை அறுவையோ டிராப் அறுவையோ நடந்த 212 கண்களை எடுத்து, பாதிக்கு டியூப், பாதிக்கு மைட்டோமைசின் வைத்த டிராப் என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். ஐந்து வருட முடிவு 2012-இல் வந்தது. தோற்றுப்போன கண்கள் டியூப்பில் 29.8 சதவீதம், டிராப்பில் 46.9 சதவீதம். அறுவை முடிந்த ஆரம்ப நாட்களில் வரும் சிக்கல்களும் டிராப்பில்தான் அதிகம். இறுதியில் அழுத்த அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே ஒருமுறை தழும்பு காட்டிய கண் மறுபடியும் காட்டும் என்பது பொதுப்புத்திக்கும் படுகிறது. அதனால் மேல்பக்கத் தோல் நன்றாக அசைகிற, அழுத்தத்தை மிகக் கீழே கொண்டுபோயே ஆக வேண்டிய சில கண்களைத் தவிர, இரண்டாம் டிராப்பைவிட டியூப் பக்கமே என் மனம் சாய்கிறது. ஒருமுறைகூடக் கத்தி படாத கண்ணுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே முதல் வருடத்தில் டிராப்பே முன்னால் நிற்கிறது.

டியூப் என்பது ஒரு மெல்லிய சிலிகான் குழாய். ஒரு முனை கண்ணுக்குள், மறுமுனை கண்ணின் பின்பக்கம் தைத்து வைத்த தகட்டில். இதில் இரண்டு ரகம். வால்வு வைத்தது, அகமது வால்வு என்பார்கள்; பொருத்திய அன்றே அழுத்தம் இறங்கும். ஆனால் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி ஏறும் காலம் ஒன்று வரும். வால்வு இல்லாதது, நம் மதுரையிலேயே அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் நிறுவனம் செய்கிற ஆடி (AADI) டியூப், 2013-இல் வந்தது. பேர்வெல்ட் என்ற வெளிநாட்டு டியூப்பைப் போலவே 350 சதுர மில்லிமீட்டர் தகடு. இறக்குமதி டியூப்களின் விலையில் மிகச் சிறு பங்குதான். ஒரு காலத்தில் டியூப் என்றாலே வசதியானவர்களுக்கு என்றிருந்தது. இதனால்தான் எங்களைப்போன்ற வீடுகளில்கூட அது பேச்சில் வருகிறது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

ஆனால் வால்வு இல்லாத டியூப்பை, சுற்றிலும் உறை வளரும்வரை கரையும் நூலால் கட்டி மூடி வைப்பார்கள். ஐந்து, ஆறு வாரத்தில் நூல் கரைந்து குழாய் திறக்கும். அதுவரை சொட்டு மருந்தும் மாத்திரையும் தாங்க வேண்டும். திறக்கும் நாளில் அழுத்தம் சடாரென்று விழக்கூடும், அந்த வாரம் கட்டாயம் போய்க் காட்ட வேண்டும். 40-இல் நிற்கும், இன்று இறக்கியே ஆக வேண்டிய கண்ணுக்கு வால்வு ரகம் பொருத்தம்; சில வாரம் பொறுக்க முடிந்து, பின்னால் குறைவான மருந்தோடு இருக்க வேண்டுமென்றால் வால்வு இல்லாதது. எந்த டியூப்பாக இருந்தாலும் பின்னாளில் சில கவலைகள் உண்டு. குழாயை மூடியிருக்கும் தோல் அரித்துக் குழாய் வெளியே தெரியலாம், குழாய் முனை கருவிழியை உரசி அதைச் சோர வைக்கலாம், சிலருக்கு இரட்டையாகத் தெரியலாம்.

ஐந்தாவது, டயோடு லேசர். மற்ற எல்லாம் மடையைச் சரி செய்யும் வேலை. இது கிணற்று மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும் வேலை. நீரைச் சுரக்கும் திசுவில் ஒரு பகுதியை வெளியிலிருந்தே சுட்டுவிடுவது. பிளெப் கிடையாது, தையல் கிடையாது, அடிக்கடி வரவும் தேவையில்லை. ஆனால் சுட்டது சுட்டதுதான், திரும்பப் பெற முடியாது. கூடுதலாகச் சுட்டுவிட்டால் கண் அழுத்தமே இல்லாமல் சுருங்கும். அதனால்தான் வழக்கமாகப் பார்வை அதிகம் மிச்சமில்லாத கண்களுக்கும், படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கும், வலியை மட்டுமாவது நிறுத்த வேண்டிய கண்களுக்கும் இதை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். விட்டுவிட்டுச் சுடும் மைக்ரோபல்ஸ் முறை வந்தபின் நல்ல பார்வை உள்ள கண்களுக்கும் செய்கிறார்கள். அப்பாவின் அந்தச் சின்ன வட்டப் பார்வைக்கு நான் இதைக் கேட்கவே இல்லை.

எதை வைத்து முடிவு செய்தோம்

ஐந்தையும் கேட்ட பிறகு அப்பா கேட்டது ஒரே கேள்வி: “எதுக்கு எத்தனை தடவை வரணும்?”

எனக்கு அப்போது கொஞ்சம் கோபம்கூட வந்தது, கண்ணைவிடத் தோட்டமா முக்கியம் என்று. ஆனால் டாக்டர் அதை நல்ல கேள்வி என்றார். நீடிலிங் செய்தால் மறுநாள், அப்புறம் வாராவாரம், ஒரு மாதத்துக்கு மேல். ஒரு வாரம் தவறினாலும் உறை திரும்பக் கட்டிவிடும், செய்த வேலை வீண். எங்கள் ஊரிலிருந்து மருத்துவமனைக்குப் பஸ்ஸில் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். வர முடியாதென்றால் இப்போதே சொல்லுங்கள், டியூப்புக்குப் போய்விடலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். வீட்டில் உட்கார்ந்து பேசினோம். தம்பி ஒரு வாரம், நான் ஒரு வாரம் என்று முறை வைத்துக்கொண்ட பிறகுதான் ஊசிக்குச் சரி என்றோம். அந்த முறை போட முடியாதிருந்தால் டியூப்பைத்தான் தேர்ந்தெடுத்திருப்போம், அதுவே எங்களுக்குச் சரியாகவும் இருந்திருக்கும்.

என் கணிப்பில் மூன்று கேள்விக்கு விடை தெரிந்தால் முக்கால்வாசி முடிவு வந்துவிடும். நரம்பில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, அதாவது எத்தனை வாரம் இந்த அழுத்தத்தைத் தாங்கும். இப்போது செய்யப்போவது தோற்றால் அடுத்தது எது, அந்த வழி திறந்தே இருக்குமா. அப்புறம், அப்பா கேட்டது. இன்னொரு கண் எப்படி இருக்கிறது என்பதும் கணக்கில் வரும்; ஒரே கண்ணால் பார்க்கிறவர் துணிந்து பரிசோதிக்க இடமில்லை.

கண்புரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிராப் செய்த கண்ணில் புரை சீக்கிரம் முற்றும். அமெரிக்காவில் நடந்த ஒரு நீண்ட ஆய்வில் அந்த அபாயம் 78 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். அறுவைக்குப் பின் சிக்கல் வந்த கண்களில் இன்னும் அதிகம். பார்வை மங்குகிறது என்றதும் அறுவை தோற்றுவிட்டது என்று மனம் உடைய வேண்டாம், புரையாகவும் இருக்கலாம். ஆனால் அவசரப்பட்டு எடுத்தால் அந்த அழற்சியிலேயே பிளெப் அடைத்துக்கொள்ளும். ஆறு மாதமாவது பொறுக்க முடிந்தால் நல்லது என்கிறார்கள்.

எந்த ஒப்பீட்டுக்கும் இடமில்லாத ஒன்று தொற்று. மைட்டோமைசின் வைத்த பிளெப் வருடக்கணக்கில் மெலிந்து, ரத்தக்குழாயே இல்லாமல் வெள்ளையாகிவிடும். அதன் வழியே கிருமி நுழைய அறுவை முடிந்து பத்து வருடம் ஆனாலும் நேரம் காலம் கிடையாது. கண் சிவத்தல், வெளிச்சம் பட்டால் கூசுதல், வலி, பீளை, பார்வை மங்கல், இதில் எது வந்தாலும் அன்றே கண் மருத்துவமனை. மெடிக்கலில் ‘மெட்ராஸ் ஐ’ சொட்டு வாங்கிப் போட்டு இரண்டு நாள் பார்ப்பது, டிராப் செய்த கண்ணுக்குக் கூடவே கூடாது. இரண்டு நாளில் தொற்று கண்ணுக்குள்ளேயே இறங்கி, மொத்தப் பார்வையையும் எடுத்துக்கொண்டு போய்விடும். கொப்புளம் மட்டும் மெலிந்து லேசாக ஒழுகுகிறது, சிவப்பு இல்லை என்றால் அப்போது யோசிக்க நேரம் உண்டு. கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்க்கலாம். நிற்காவிட்டால் மெலிந்த தோலை நீக்கிவிட்டு, பக்கத்து நல்ல தோலை இழுத்து மூடித் தைப்பதுதான் நிலையான வழி.

அப்பாவுக்கு நீடிலிங் இரண்டு முறை செய்ய வேண்டி வந்தது. இரண்டாவது முறைக்குப் பின் பிளெப் தாழ்ந்து பரவலாக நின்றது. இப்போது ஒரே ஒரு சொட்டு மருந்தோடு அழுத்தம் 14. தோட்டத்துக்குப் போகிறார், ஆனால் மருந்து அடிக்கும் நாளில் பக்கத்தில்கூட நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, கீழே பார்த்தபடி மேல் இமையைத் தூக்கிக் காட்டுவார். சிவந்திருக்கிறதா என்று அம்மா பார்த்துச் சொல்வார்.

இடது கண்ணில் அழுத்தம் இப்போது 23. சொட்டு மருந்தில் தாங்கவில்லை என்று போன மாதம் சொல்லிவிட்டார்கள். அடுத்த சந்திப்பு பதினெட்டாம் தேதி. இந்த முறை நாங்கள் கேட்க வேண்டிய கேள்விகளை அப்பா சொல்லச் சொல்ல, தோட்டக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் கேள்வி அவருடையதுதான்.